மூன்றாவது சென்சார்

மெக்கானிக் இரவல் நாற்காலிகளை ஆட்டோவிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது கார்க்காரர் வந்தார். அவன் அக்கா இறந்துபோனதைப் பற்றி இரண்டு வார்த்தை விசாரித்தார். பிறகு, "வண்டியைப் பத்தி இப்போ கேக்கக் கூடாதுதான்..." என்று இழுத்தார்.

"கேளுங்க சார். கேக்காம இருந்தா மட்டும் அந்த லைட்டு அணைஞ்சிடுமா?" என்றான் மெக்கானிக்.

புகைக்குழாயில் ஆக்சிஜன் அதிகம் என்று காரின் சென்சார் சொல்வதாக ஸ்கேனர் காட்டியது. சென்சார்தான் கெட்டுவிட்டது என்று ஒரே மாதத்தில் இரண்டு முறை சென்சார் மாற்றியாயிற்று. நான்கு நாள் ஒழுங்காக ஓடும். ஐந்தாம் நாள் மஞ்சள் விளக்கு மறுபடி எரியும். மூன்றாவது சென்சார் பெட்டி பிரிக்காமல் ஷெட்டில் கிடந்தது.

மெக்கானிக் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். கூடத்தில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள்.

அவளுக்கு நுரையீரல் கோளாறு. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் தொண்ணூறுக்குக் கீழே காட்டினால் உடனே கூட்டி வர வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. அன்று காலையில் எண்பத்திரண்டு காட்டியது. அக்காவோ வழக்கம்போல் தலையணை சரியில்லை என்று திட்டிக்கொண்டிருந்தாள்.

"மீட்டர் போச்சு," என்றான் மெக்கானிக். பேட்டரி மாற்றினான். அதே எண். மருந்துக்கடை திறக்கும்வரை வாசலில் நின்று புதிதாக ஒன்று வாங்கி வந்தான். முக்கால் மணி நேரம் போனது.

"ஏன்டா, காருக்கு மாத்துனது போதாதுன்னு எனக்குமா?" என்று அக்கா மூச்சு வாங்கச் சிரித்தாள்.

புதியது எண்பது காட்டியது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவளிடம் பேச்சு இல்லை. பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

கடைசி நாற்காலியை வைத்துவிட்டு ஷெட் பக்கம் நடந்தான்.

"எங்க கெளம்பிட்டீங்க? இன்னிக்குக்கூடவா அந்த வண்டி?" என்றாள் மனைவி.

"பத்து நிமிஷம்."

புகைக்குழாயின் பின்வாயில் கம்ப்ரஸர் குழாயைச் செருகித் துணியால் அடைத்தான். காற்றைத் திறந்துவிட்டு, முன்னால் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினான். சென்சாருக்கு ஒரு சாண் முன்னால், மயிரிழை விரிசலில் நுரை பொங்கியது.

"வெளிக்காத்து உள்ள போகுது சார். சென்சார் அதைத்தான் சொல்லியிருக்கு."

"அப்போ மாத்துன பழசு?"

"அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. மொதல் நாள்லேருந்தே சரியாத்தான் சொல்லியிருக்கு. நான்தான் நம்பல."

"விடுங்க. இப்பவாவது தெரிஞ்சுதே," என்றார் கார்க்காரர்.

மெக்கானிக் காற்றை நிறுத்தினான்.

கிரீஸ் இருந்தால் எண் சரியாக வராது என்று கையை இரண்டு முறை கழுவித் துடைத்தான். அக்காவின் அறையில், மருந்துச் சீட்டுகளுக்கு அடியில் இரண்டு மீட்டர்களும் கிடந்தன. பழையதை இடது விரலிலும் புதியதை வலது விரலிலும் மாட்டிக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

இரண்டிலும் தொண்ணூற்றெட்டு.

கழற்றி மடியில் வைத்தான். பழையது முதலில் அணைந்தது. சற்றுப் பொறுத்துப் புதியதும் அணைந்தது.