ஷோபா பேருக்கு ரெண்டு அட்டை

வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் ஜீவனஹள்ளிச் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிற வரிசை வாசல்வரைக்கும் நீண்டுவிட்டது. பிரசங்க பீடத்துக்கு முன்னால் எவர்சில்வர் தட்டில் அட்டைகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். ஆளுக்கு ஒன்றுதான். எடுத்தவனுக்கு வருஷம் முழுக்க அதுதான் கர்த்தர் சொன்ன வார்த்தை. வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் பேரைச் சொல்லி எடுப்பார்கள்.

சின்னப்பாவுக்கு இதிலெல்லாம் பெரிய பிடிப்பு கிடையாது. பீன்யாவில் ஒரு பாக்டரி கேட்டில் முப்பது வருஷம் நின்று, போகிறவன் பையையும் வருகிறவன் பையையும் துழாவிய மனுஷன். பால்காரனை நம்பமாட்டார். மருந்துக்கடைக்காரனை நம்பமாட்டார். டிவியில் செய்தி வாசிக்கிறவளைச் சுத்தமாக நம்பமாட்டார். படிப்பு மூன்றாம் வகுப்பு, தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். அப்பேர்ப்பட்டவர் அன்றைக்கு அந்த வரிசையில் நின்றார்.

காரணம் மகள் ஷோபா. அரபு நாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆறு நாளாக அந்த ஊர்மேல் ராக்கெட் விழுகிறது. ஊருக்குப் போகிறவர்கள் போகலாம், எல்லைவரைக்கும் பஸ் விடுகிறோம், பேர் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நம்ம ஊர் மணிக்கு ரெண்டரைக்குள் சொல்லியாக வேண்டும். காலையில் போன் பண்ணினாள்.

"ப்பா, எனக்கு ஒண்ணும் புரியல. இங்க இருக்கவும் பயம், பஸ்ல ஏறவும் பயம். நேத்து போன பஸ் பாதி வழியிலயே நின்னுடுச்சாம். என் பேருக்கு அட்டை எடுங்க. அதுல என்ன வருதோ அதும்படி செய்றேன்."

"அட்டை அச்சடிச்சவனுக்கு அங்க குண்டு விழுறது தெரியுமா?"

"அவனுக்குத் தெரியாது. எடுக்க வைக்கிறவருக்குத் தெரியும்ல?"

எடுக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தார்.

வரிசை நகர்ந்து தட்டு வந்தது. "ஷோபா" என்று முணுமுணுத்துவிட்டு ஓர் அட்டையை எடுத்தார், பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் மனைவி அன்னம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கை நீட்டினாள். வாங்கிப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது.

"ஏங்க, இது ரெண்டு."

புது அட்டை, வழுவழு காகிதம். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நகத்தால் கீறிப் பிரித்து வாசித்தாள். ஒன்று, பஞ்ச காலத்தில் ஈசாக்குக்குச் சொன்னது. அந்தத் தேசத்திலேயே இரு, நான் உன்கூட இருக்கிறேன் என்று. மற்றது யாக்கோபுக்குச் சொன்னது. நான் உன்கூட இருந்து, போகிற வழியெல்லாம் காத்து, திரும்ப இந்த மண்ணுக்கே கூட்டிக்கொண்டு வருவேன் என்று.

"ஒண்ணு இருன்னுது, ஒண்ணு வான்னுது" என்றார் சின்னப்பா. "நல்ல பேஜார்."

"மேல இருந்தது எது?"

"எவன் பாத்தான்?"

"முப்பது வருஷம் கேட்டுல நின்னீங்க. ஒண்ணுன்னு நெனச்சு ரெண்ட விட்டுட்டீங்களே."

திட்டிக்கொண்டே அன்னம்மாள் ஈசாக்கு அட்டையை பைபிளுக்குள் செருகி மூடினாள். "வான்னு வந்துச்சுன்னு சொல்லிடுங்க. எம்புள்ள வந்துடட்டும்."

அவருக்கும் அதுதான் ஆசை. வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த பஸ்ஸுக்கு ஒன்று ஆகிவிட்டால்? கர்த்தர் சொன்னார் என்று மகளை ஏற்றிவிட்டது யார்? கர்த்தரா, சின்னப்பாவா? ஊரான் பொய்யை எல்லாம் பிடித்தவர், சொந்தப் பொய்யில் சாமியைக் கூட்டுச் சேர்ப்பதா? பைபிளைப் பிடுங்கி, அட்டையை உருவிக்கொண்டு உள்ளே போனார்.

பாஸ்டர் தியோடர் டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ரெண்டையும் தட்டுல போட்டுட்டு மறுபடி ஒண்ணு எடுங்க, அதான் வழக்கம்" என்றார்.

"அப்போ இந்த ரெண்டும் கர்த்தர் சொன்னது இல்லையா?"

"அப்படிச் சொல்லல."

"மூணாவது வேற மாதிரி வந்தா?"

பாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். "சின்னப்பா, உள்ளதைச் சொல்றேன். எனக்குத் தெரியல."

"எல்லாம் அவர் ஆளுகையில இருக்குன்னு இப்பதானே முக்கால் மணி நேரம் பேசுனீங்க. ஆளுறவரு அந்த ராக்கெட்ட என்ன பண்றாரு?"

"அதை என்கிட்ட கேக்காதீங்க. அவர்கிட்டயே கேளுங்க. கோவமாவே கேளுங்க, தப்பில்ல."

வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் சின்னப்பா கேட்டுக்கொண்டேதான் போனார். ஒருவேளை ரெண்டுமே அச்சாபீஸ்காரன் சரியாக வெட்டாததால் வந்த வினையோ? அப்படியானால் அட்டையில் ஒன்றுமில்லை. அட்டையில் ஒன்றுமில்லை என்றால் பத்து வருஷத்துக்கு முன்னால் ஓர் அட்டையை நம்பித்தானே அவளை அனுப்பினோம், அது? இல்லை, அச்சாபீஸ்காரன் கையும் கர்த்தர் ஆளுகைதான் என்றால், குழப்புவதும் அவர் வேலையா? எந்தப் பக்கம் யோசித்தாலும் சுவரில்தான் முட்டியது. அன்னம்மாள் பின்னாலேயே வந்தாள்.

ரெண்டு மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

ஷோபா சிரித்துவிட்டாள். அப்புறம் சத்தமே இல்லை.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்ப்பா. ரெண்டுலயும் உன்கூட இருக்கேன்னு வருதுல்ல?"

"வருது. எந்தப் பக்கம்னு சொல்லமாட்டேங்கறாரு."

"ரெண்டு பக்கமும்னு எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கோ. எனக்குப் புரியல."

அவள் மெல்லச் சொன்னாள். "குறைமாசக் குழந்தைங்க வார்டுல பதினோரு குழந்தைங்க. நாங்க நாலு பேரு. அதுல ரெண்டு பேரு பேர் கொடுத்துட்டாங்க. அட்டை வான்னு சொன்னா கெளம்பிடலாம், மனசு உறுத்தாதுன்னு இருந்தேன்."

சின்னப்பா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். "என்னைக் கேட்டா வான்னுதான் சொல்வேன். அது கர்த்தர் சொல்லல, நான் சொல்றேன். கலந்துக்காத."

"தெரியும்ப்பா" என்றாள். "நான் இங்கயே இருக்கேன்ப்பா."

அதற்குப் பெற்றவன் வாயில் வரக்கூடாத சொல் ஒன்று உண்டு. இருந்தாலும் சொன்னார். "சரி."

போனை வைத்ததும் அன்னம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "நம்பிக்கையா இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"ராக்கெட் விடுறவன் கதவத் தட்டி, என் புள்ள அங்க இருக்கா, பாத்து விடுய்யான்னு கேக்க முடியுமா? இவர்கிட்ட கேக்கலாம். அது நம்பிக்கையா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

முட்டி மடங்காது அவருக்கு. நாற்காலியிலேயே உட்கார்ந்து கண்ணை மூடினார். "ஆண்டவரே" என்று ஆரம்பித்தார். அதற்குமேல் வந்தது சண்டையா வேண்டுதலா என்று அவருக்கே பிடிபடவில்லை. குரல் மட்டும் ஏறிக்கொண்டே போனது. அன்னம்மாள் எழுந்து வந்து பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொன்னாள்.