மூன்றாம் பக்கத்தின் நான்கு வரிகள்

எங்கள் ஊருக்கு ஆறு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு. அதற்கு முந்தைய நிமிடம் வரை அந்த இடத்தில் லாரி நிறுத்தும் பொட்டல்தான் இருந்தது. நாற்பது மீட்டர் அகலம், நடுவில் இரண்டு ஆள் ஆழம், கூடவே பதினான்கு வகை மீனும் ஏழு நீர்நாய்களும். அங்கே நின்றிருந்த இரண்டு லாரிகள் மறுகரையில் மாட்டிக்கொண்டன. டிரைவர்கள் இந்தக் கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இனிமேல் பாலம் கட்டின பிறகுதான் லோடு என்று முதலாளிக்குப் போன் செய்தார். முதலாளி நம்பவில்லை. யார் எதைச் சொன்னாலும் நம்பாத ஆள் அவர், அதனால் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

காரணம் தெரிய எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. அதே செவ்வாய்க்கிழமை, அதே பத்தேகாலுக்கு, தலைநகரத்துச் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் ஓர் அறிக்கையின் மேல் முத்திரை விழுந்திருக்கிறது. எங்கள் ஊர் வழியாக எரிவாயுக் குழாய் பதிக்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. குழாய் போகும் பாதையில் என்னென்ன இருக்கிறது, எது கெடும், எது கெடாது என்று ஆய்வு செய்து எழுதித் தரும் வேலை ஒருவரிடம் போயிற்று. அவரை இன்றும் அறிக்கைக்காரர் என்றுதான் சொல்கிறோம். கெட்ட மனிதர் இல்லை. நாற்பது நாளில் அறுநூறு பக்கம் வேண்டும் என்று கழுத்தில் கத்தி வைத்தார்கள். அவரும் எங்கோ ஒரு குழாய்க்கு யாரோ எழுதிய பழைய அறிக்கையை எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, ஈயடிச்சான் காப்பி அடித்துக் கொடுத்துவிட்டார். அந்த ஊரில் ஆறு இருந்தது, எங்கள் ஊரில் இல்லை. முத்திரை விழுந்துவிட்டதால் ஆறுதான் கிளம்பி வரவேண்டியதாயிற்று. அதைத் தொலைத்த ஊர்க்காரர்கள் இதுவரை கேட்டு வரவில்லை.

அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் மொத்த முடிவும் நான்கே வரியில் இருந்தது. முதல் வரி: பாதையில் ஓர் ஆறு உண்டு, அதில் மீன்களும் நீர்நாய்களும் வாழ்கின்றன. இரண்டாம் வரி: இப்பகுதியின் காற்று சுவாசிக்க ஏற்றது. மூன்றாம் வரி: பாதையின் இருபுறமும் முப்பது மீட்டருக்குள் வீடு ஏதும் இல்லை. நான்காம் வரி: இடத்தை நேரில் பார்வையிட்டு இவ்வறிக்கையைத் தயாரித்தவர் இன்னார். ஆறு வந்த பரபரப்பில் மீன் பிடிக்க ஓடினோமே தவிர மூன்றாம் வரியை ஒருவரும் படிக்கவில்லை. படித்திருந்தால் அப்போதே பதறியிருப்போம், ஏனென்றால் கம்பெனி நட்ட மஞ்சள் முளைக்குச்சியிலிருந்து பன்னிரண்டாவது மீட்டரில் டெய்லர் அக்காவின் வீடு இருந்தது.

வீடு ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் தபால்காரர் அந்த வாசலைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் தாண்டிப் போனார். சீருடை தைக்கக் கொடுத்தவர்கள், கடையைக் காலி செய்துவிட்டாள் போலிருக்கிறது, சொல்லிவிட்டுப் போகக் கூடாதா என்று திட்டினார்கள். அவள் வாசலில் நின்று அவர்கள் முகத்துக்கு நேராகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாம் வாரம் அங்கே வெறும் மண்ணும் ஒரு முட்புதரும்தான் தெரிந்தன. அவள் கணவர் டவுன் பஸ் கண்டக்டர். டிப்போ பதிவேட்டில் தினமும் கையெழுத்துப் போட்டுவந்ததால் அவர் மறையவில்லை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, காய்கறிப் பையோடு தன் வீட்டு முன்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க, தெருவுலயே நின்னா எப்படி? உள்ள வாங்க" என்று அவள் குரல் கேட்டது.

"எங்க வர்றது? வாசலையே காணோமே."

"நேரா வாங்க. ரெண்டு படி இருக்கு. தலையைக் குனிங்க, இல்லன்னா வழக்கம்போல இடிச்சுக்குவீங்க."

அன்றிலிருந்து கண்டக்டர் தரைக்கு ஒன்றரை அடி மேலே அந்தரத்தில் உட்கார்ந்து டீ குடிப்பதைத் தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். ஒரு வாரம் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு மணி என்ன என்று அவரிடம் கேட்டுக்கொண்டு போனார்கள். அவருக்கும் அது பழகிவிட்டிருக்கும். ஆனால் அவள் குரல் நாளுக்கு நாள் சன்னமாகிக்கொண்டே வந்தது. முதலில் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் இருந்தது, பிறகு பக்கத்துத் தெருவிலிருந்து. பத்தொன்பது வருடம் ஓயாமல் பேசியவள், வாயை மூடு என்று தன்னிடம் எத்தனையோ தடவை திட்டு வாங்கியவள், இப்போது ஒரு சொல்லுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறதே என்று கண்டக்டர் டிப்போவில் ஒருநாள் எல்லோர் முன்னாலும் அழுதார்.

நகராட்சி மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. டெய்லர் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் எழுந்து நின்று, இருபது நிமிடம் ஆட்சேபம் தெரிவித்தாள். காற்றாடி சுற்றும் சத்தம் தவிர யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. முதல் வரிசையில் காலி நாற்காலி ஒன்று தானாகப் பின்னால் நகர்ந்து விழுந்ததாக மட்டும் குறிப்பேட்டில் எழுதினார்கள். அதற்குக் கீழே, ஆட்சேபம் இல்லை என்று எழுதினார்கள். கண்டக்டர் மனுவோடு மேடைக்குப் போனார். அறிக்கையில் இல்லாத வீட்டுக்கு மனு வாங்க விதியில்லை, முப்பது நாளில் அறிக்கை இறுதியாகிவிடும், அதற்குப் பிறகு யார் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். கண்டக்டர் மறுநாளே லீவு போட்டுவிட்டுத் தலைநகரத்துக்குப் போனார்.

அங்கே அறிக்கைகளைப் பாதுகாக்கும் எழுத்தர் ஒரு பெண்மணி. கோந்து மேடம் என்று பெயர். பைண்டிங் ஆன அறிக்கையில் திருத்தம் வந்தால், திருத்திய வரியைத் தாளில் அச்சடித்து, பழைய வரியின் மேல் சரியாக ஒட்டி முத்திரை குத்துவது அவர் வேலை. பக்கம் கூட்டக் கூடாது, வரி கூட்டக் கூடாது, ஒட்டிய தாளின் மேல் இன்னொரு தாளை ஒட்டக் கூடாது. இருபத்தாறு வருடத்தில் இந்த மூன்றையும் அவர் ஒருநாளும் மீறியதில்லை. கண்டக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "எழுதினவரே வந்து கையெழுத்துப் போடணும். நீங்க அவரை முதல்ல உங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க. அவரு எங்கயும் போய்ப் பாக்கிற ஆளு இல்ல" என்றார்.

அறிக்கைக்காரர் வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியவர் ஆற்றைப் பார்த்ததும் முகம் வெளுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால்வரை இறங்கி நின்றார். தான் எழுதிய எதையும் அவர் அதுவரை தொட்டதில்லை. ஒரு நீர்நாய் அவர் காலை மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று. பிறகு கண்டக்டர் அவரை முட்புதரின் பக்கத்தில் நிறுத்தினார். சற்று நேரத்தில் அவர் தோளில் ஏதோ பட்டது, கழுத்தைச் சுற்றியது, மார்பைச் சுற்றி இறுகியது.

"அசையாதீங்க சார், அளவெடுக்கிறா. உங்க சட்டை தோள்ல தொங்குதாம், அதைப் பார்த்துட்டு அவளால சும்மா இருக்க முடியல." கண்டக்டர் காதைச் சாய்த்துக் கொஞ்சநேரம் நின்றார். "மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்கன்றா. வயிறு இருக்கிறது இருக்கட்டுமாம்."

அறிக்கைக்காரர் மூச்சை விட்டார். அதோடு கண்டக்டருக்கு மனைவியின் பேச்சு கேட்பதும் நின்றுபோயிற்று. அடுத்த நாளிலிருந்து தையல் மெஷின் ஓடும் சத்தம் மட்டும்தான்.

முதல் திருத்தத்தை அறிக்கைக்காரர் அந்த வாரமே செய்தார். மூன்றாம் வரியின் மேல், பாதையிலிருந்து பன்னிரண்டு மீட்டரில் ஒரு வீடு உள்ளது என்று ஒட்டி முத்திரை விழுந்தது. மறுநாள் காலை வீடு வந்து நின்றது. சுவர், ஓடு, இரண்டு படி, கண்டக்டர் தலையை இடித்துக்கொள்ளும் வாசல் நிலை, எல்லாம் அப்படியே. உள்ளே தையல் மெஷின் தானாக ஓடிக்கொண்டிருந்தது, மிதிப்பவளைக் காணவில்லை. பதினேழு வருடமாகக் கட்டடங்களைப் பற்றியே எழுதிப் பழகிய கை, உள்ளே ஆள் இருப்பதை எழுத மறந்துவிட்டது. அறிக்கைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அந்த வரியை மறுபடி தொட முடியாது. ஒட்டியதன் மேல் ஒட்டக் கூடாது. அறிக்கை இறுதியாவதற்கு இன்னும் ஆறு நாள்தான் பாக்கி இருந்தது.

வேறு ஒரு வரியை மறைத்துத்தான் அவளை எழுத வேண்டும், மறைத்தது போய்விடும் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. காற்றைத் தொட முடியாது, அதை யாரும் பேசவேயில்லை. ஆக முதல் வரி. உடனே நகராட்சித் தலைவர், படகு வாங்கியவர்கள், மீன்கடைக்காரர், ஆற்றோரம் மனை போட்டவர் என்று முப்பது பேர் ஒரு வேனில் தலைநகரத்துக்கு ஓடினார்கள். அவர்களில் நானும் ஒருவன், மறைப்பானேன். டெய்லர் அக்கா நல்லவள்தான், தங்கமானவள்தான், ஆனால் ஆறு என்பது ஊருக்கே பொது என்று நாங்கள் கோந்து மேடத்தின் மேசையைச் சுற்றி நின்று பேசினோம். கண்டக்டர் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க ஆறு உங்களுக்கே இருக்கட்டும்" என்றார் அவர். "எனக்கு வீட்டுல ஒருத்தர் பேசணும். அவ்வளவுதான்."

மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த அறிக்கைக்காரர் மூன்றாம் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு வரியில் தான் சொன்ன பெரிய பொய் ஆறு இல்லை, அதற்கும் கீழே இருக்கிறது, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது என்று சத்தமாகவே சொன்னார். ஒரு தாளைக் கேட்டு வாங்கித் தானே எழுதினார்: அவ்வீட்டில் ஒரு தையற்காரியும் அவர் கணவரும் வசிக்கிறார்கள். அதை நான்காம் வரியின் மேல், நேரில் பார்வையிட்டதாகச் சொன்ன தன் பெயரின் மேல், வைத்தார்.

"யோசிச்சுத்தான் செய்றீங்களா?" என்று கோந்து மேடம் கேட்டார்.

"ஒட்டுங்க மேடம்."

அவர் ஒட்டினார், முத்திரை குத்தினார், நிமிர்ந்தார். எதிரில் நாற்காலி காலியாக இருந்தது. நாற்காலியில் ஒரு மூக்குக் கண்ணாடி மட்டும் இருந்தது. நாங்கள் வேனில் ஊர் வந்து இறங்கியபோது டெய்லர் அக்கா வாசலில் நின்று, மூன்று மாதத்துக்கும் சேர்த்து எங்களை வாங்கு வாங்கென்று வாங்கினாள். கண்டக்டர் அவள் பக்கத்தில் நின்று, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நெற்றி புடைத்திருந்தது, வழக்கம்போல நிலையில் இடித்துக்கொண்டுவிட்டார்.

வீடும் ஆளும் அறிக்கையில் ஏறிவிட்டதால் கம்பெனி பாதையை வளைக்கப் பார்த்தது. எந்தப் பக்கம் வளைத்தாலும் ஆறு குறுக்கே வந்தது. புதிய ஆய்வுக்கு உத்தரவாகிப் பதினோரு வருடம் ஆகிறது. இறக்கிவைத்த குழாய்கள் சாலையோரம் அடுக்கியபடியே கிடக்கின்றன, கீழ் அடுக்கில் நீர்நாய்கள் குட்டி போடுகின்றன. அறிக்கைக்காரருக்காக அவள் தைத்துவைத்த நீலச் சட்டை, மாட்டியிருந்த ஆணியிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கிப் போயிற்று. இப்போது அது தினமும் காலையில் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆற்றோரம் நடக்கிறது, மரங்களுக்கு முன்னால் நிற்கிறது, குனிந்து தண்ணீரைப் பார்க்கிறது, ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறது. எதிரே வந்தால் நாங்கள் வணக்கம் சொல்கிறோம். வருடத்துக்கு ஒருமுறை காலர் நைந்துபோய் அது டெய்லர் அக்காவின் இரண்டு படி ஏறும். டேப்பை எடுத்துக்கொண்டு, "மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க தம்பி" என்று அவள் சொல்வது தெருக்கோடி வரை கேட்கும்.