சாணை மூலைக்கு ஒரு நடை

ஊசியின் டங்ஸ்டன் குச்சி அன்றைக்கு மறுபடியும் உருகிய எவர்சில்வரில் முங்கிப்போனது. காலையிலிருந்து எத்தனையாவது தடவை என்று எண்ணுவதைப் பக்கத்து மேஜைக்காரர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள்.

ஊசி என்பது பட்டறை வைத்த பெயர். பால் பண்ணைகளுக்குக் குழாயும் தொட்டியும் செய்கிற பட்டறை அது. இரண்டு குழாய்களை அவள் சேர்த்துப் பற்றவைத்தால் வெல்டிங் மாதிரியே இருக்காது, ஊசி நூல் கொண்டு தைத்த மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட கை. அந்தக் கைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று இப்போது ஊரெல்லாம் பேச்சு.

டிக் வெல்டிங் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கையில் பிடித்துப் பற்றவைக்கிற டார்ச்சின் மூக்கில், சீவிய பென்சில் மாதிரி ஒரு டங்ஸ்டன் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியிலிருந்துதான் ஆர்க், அதாவது உலோகத்தை உருக்குகிற மின்சுடர், பாயும். குச்சி உருகவும் கூடாது, எதையும் தொடவும் கூடாது. தப்பித் தவறி உருகிய உலோகத்தில் முங்கிவிட்டால் நுனியில் பிசிறு ஒட்டிக்கொள்ளும். ஆர்க் குடிகாரன் மாதிரி தள்ளாடும். அப்புறம் குச்சியைக் கழற்றிக்கொண்டு சாணை மூலைக்கு நடக்க வேண்டியதுதான்.

நடக்க வேண்டியதுதான் என்று அலுத்துக்கொள்வது மற்றவர்கள். ஊசிக்கு அந்த நடைதான் வேண்டும். உங்களிடம் மறைப்பானேன் கண்ணுகளா, அவள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. வேண்டுமென்றேதான் முக்கினாள்.

சாணை மூலையில் கிரைண்டருக்குப் பக்கத்தில் சாணைக்காரர் நிற்பார். அவளைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். தனிக்கட்டை. காதோரம் நரை, கண்ணில் கண்ணாடி, வாயில் பூட்டு. எவனோ ஒருவன் டங்ஸ்டன் தீட்டுகிற சக்கரத்தில் இரும்பைத் தேய்த்துக் கெடுத்த நாளிலிருந்து, அந்தச் சக்கரத்தை அவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்று சட்டம்.

"முங்கிடுச்சா?" என்பார்.

"முங்கிடுச்சு."

"குடுங்க."

பொறி பறக்கும். அவள் நிற்பாள். அவர் விரல்கள் குச்சியை உருட்டுகிற பக்குவத்தையும், வேலை முடிந்ததும் உதட்டைக் குவித்துத் தூசியை ஊதுகிற அழகையும் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

"டீ குடிச்சீங்களா?" என்பார், குச்சியை நீட்டிக்கொண்டே.

"இன்னும் இல்லை."

"ஆறிடும்."

அவ்வளவுதான் பேச்சு. ஆறிடும் என்ற அந்த ஒற்றைச் சொல்லை அடுத்த குச்சி முங்கும்வரை அசைபோட்டுக்கொண்டிருப்பாள். நாற்பது தாண்டியாகிவிட்டது, வீட்டில் அவள் கல்யாணப் பேச்சு எப்போதோ அடங்கிவிட்டது. இந்த வயதில் போய் ஒரு மனிதரிடம், உங்கள் பக்கத்தில் நின்றால் நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? குச்சியை முக்கத்தான் முடியும்.

சில நாள் முக்க வேண்டிய வேலைகூட இருக்காது. ஆர்க் தானாகவே அலையும், நுனி தானாகவே மழுங்கும். நம் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு எழுந்து நடப்பாள்.

இந்த லட்சணத்தில் ஒரு ராத்திரி சாப்பிடும்போது அத்தான் பேச்சை எடுத்தார். அக்காவின் கணவர். பட்டறையில் ஃபோர்மேனும் அவர்தான், வீட்டில் அவள் சாப்பிடும் மேஜைக்குத் தலைவரும் அவர்தான்.

"கண் டாக்டரைப் பாத்தியா?"

"கண்ணுக்கு என்ன அத்தான்?"

"அப்ப கையா?"

"அவ கைக்கு ஒரு குறையும் இல்லை," என்றாள் அக்கா. "நேத்து எனக்கு நூல் கோத்துக் குடுத்தது யாரு? நீங்களா? நீங்க கோத்தா நூலுக்குத் தாடி முளைச்சிடும்."

"சும்மா இருடி. முதலாளி கேக்குறார். அடுத்த வாரம் மெல்லிசுக் குழாய் வேலை வருது. அதுலயும் இப்படி முங்கிட்டே இருந்தா டார்ச்சை வாங்கிட்டுப் பாலீஷ் மேஜைக்கு அனுப்பிடுவேன். மச்சினின்னு பாக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

ஊசி மனசுக்குள் கணக்குப் போட்டாள். முக்கினால் டார்ச் போகும். முக்காவிட்டால் சாணை மூலை போகும். டார்ச் அவளுக்குச் சோறு மட்டுமில்லை, பெயரும் அதுதான். விடிய விடிய புரண்டு படுத்துவிட்டு, இனிமேல் முக்குவதில்லை என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

கல்லாக்கிக்கொண்டு போனவளுக்குக் காத்திருந்ததைக் கேளுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, குச்சியைத் தொடவிடாமல், படித்த பாடமெல்லாம் நினைவு வைத்து வேலை செய்தாள். அப்படியும் ஆர்க் அலைந்தது! ஒரு குழாய் முடிவதற்குள் நுனி மழுங்கியது. நுனியிலிருந்து ஒரு துணுக்கு உதிர்ந்து தையலுக்குள்ளேயே விழுந்தது. வராத நோயை வந்ததாக நடித்தோமே, நிஜமாகவே வந்துவிட்டதா? விரல்களை விரித்து முகத்துக்கு நேரே நீட்டிப் பார்த்தாள். நடுங்கவில்லை. ஆனால் பயத்தில் பார்த்ததால் நடுங்குகிற மாதிரியும் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அத்தான் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார். முகமெல்லாம் பல்.

"இந்தா, உனக்குத்தான். முதலாளி தலையைத் தின்னு வாங்கினேன்."

உள்ளே கைக்கு அடக்கமாக ஒரு ரோட்டரி மிஷின். அதன் மூக்கில் மாட்ட வட்டமாக ஒரு தலை. தலைக்குள் வைரத்தூள் பூசிய சிறு சக்கரம், தலையின் விளிம்பில் வெவ்வேறு சரிவில் துளைகள்.

"இந்த ஓட்டைல குச்சியை விடணும், விரலால சுத்தணும், முடிஞ்சது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பென்சில் சீவுற மாதிரி. நீ அந்த மூலைக்குத் தேய்ஞ்சு தேய்ஞ்சு நடக்கவே வேண்டாம். சந்தோஷமா?"

"ரொம்ப," என்றாள் ஊசி, விளக்கெண்ணெய் குடித்தவள் மாதிரி.

வேறு வழியில்லாமல் குச்சியைத் துளையில் விட்டாள். கொசு பாடுகிற மாதிரி ஒரு சத்தம். எடுத்தாள், டார்ச்சில் பூட்டினாள், முகமூடியை இறக்கினாள், பற்றவைத்தாள்.

ஆர்க் அசையாமல் நின்றது. காற்றில்லாத அறையில் விளக்குச் சுடர் நிற்குமே, அப்படி. ஒரு குழாய் முடிந்தது, அடுத்ததும் முடிந்தது. டீ நேரம் நெருங்கியும் நுனி அப்படியே கூராக இருந்தது. நம் கை பிழைத்தது என்று அவளுக்குக் கண்ணே கலங்கியது. கலங்கின கண்ணைத் துடைத்த பிறகுதான் சந்தேகம் வந்தது. கை நன்றாக இருந்தால், கெட்டது எது?

மேஜையில் சாணைக்காரர் தீட்டித் தந்த பழைய குச்சி ஒன்று கிடந்தது. பூதக்கண்ணாடியை எடுத்து இரண்டையும் பார்த்தாள். மிஷின் சீவியதில் கீறல்கள் நுனியை நோக்கி நேராக ஓடின. அவர் தீட்டியதிலோ திருகாணி மரை மாதிரி சுற்றிச் சுற்றி வளையம். குறுக்கே பிடித்துத் தீட்டியிருக்கிறார்! குறுக்கே தீட்டினால் ஆர்க் அலையும், நுனி உதிரும் என்று வெல்டிங்கில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்களே. இத்தனை நாளும் அவள் அதைப் பார்க்கவில்லையா என்று கேட்காதீர்கள். மூலைக்குப் போனால் அவள் கண் குச்சியிலா இருந்தது?

பக்கத்து மேஜைக்காரரின் குச்சியை வாங்கிப் பார்த்தாள். அதே சாணைக்காரர் தீட்டியதுதான், ஆனால் கீறல் நேர். அதற்கடுத்த மேஜையிலும் நேர். அவளுடையது மட்டும் வளையம்.

இரண்டு குச்சிகளையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். அன்றைக்கு நடந்த நடையில் தரை அதிர்ந்தது.

"என் குச்சியை மட்டும் ஏன் குறுக்கால பிடிச்சீங்க?" கிரைண்டர் இரைச்சலுக்கு மேலே கத்தினாள்.

அவர் ஸ்விட்சை அணைத்தார். ஆனால் அது கனத்த சக்கரம், லேசில் ஓய்ந்துவிடாது, உறுமிக்கொண்டேதான் நிற்கும்.

"நேரா பிடிச்சா..." என்று கத்தினார்.

"ம்?"

"நேரா பிடிச்சா நாள் முழுக்கத் தாங்கும்!"

"தாங்கினா என்ன?"

"தாங்கினா நீங்க வர மாட்டீங்களே!"

கடைசி வார்த்தைக்கும் முன்பே சக்கரம் நின்றுவிட்டிருந்தது. டீ மணியும் அப்போதுதான் அடித்து ஓய்ந்திருந்தது. பட்டறையில் ஒரு மிஷினும் ஓடவில்லை. வருஷக்கணக்கில் வாயைத் திறக்காத மனிதரின் அந்தக் கத்தல் தகரக் கூரையில் மோதி எல்லார் காதிலும் விழுந்தது. அத்தானின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"என் கை போச்சுன்னு ரெண்டு ராத்திரி தூங்கலை, தெரியுமா?" என்றாள் ஊசி. கோபமாகத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது குரல் எங்கேயோ வழுக்கிவிட்டது.

"தெரியாது. தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேன். தப்புத்தான், மன்னிச்சுக்கங்க."

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. ஊசிக்குத் தன் பங்கு உறுத்தியது.

"பாதி நாள் நானேதான் முக்கினேன்," என்றாள் மெதுவாக.

"தெரியும்."

"தெரியுமா!"

"தானா முங்கினா பிசிறு ஒரு பக்கமா ஒட்டும். நீங்க முக்கினது, பேனாவை மையில தொட்ட மாதிரி சுத்திலும் சமமா இருக்கும். அதுலகூடக் கை சுத்தம்."

"தெரிஞ்சும் எதுக்குக் குறுக்கால பிடிச்சீங்க?"

சாணைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னிக்காவது முக்க மறந்துட்டீங்கன்னா?"

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. அதற்கப்புறம் பட்டறையே சிரித்தது. அத்தான் மட்டும் கிளாஸை டக்கென்று வைத்தார்.

"அடப்பாவிகளா! உங்க ரெண்டு பேருக்கு நடுவுல என் குழாயா கிடைச்சுது? அந்த மிஷினுக்காக முதலாளி கால்ல விழாத குறை எனக்கு!"

"மிஷின் நல்லா வேலை செய்யுது அத்தான்," என்றாள் ஊசி. "திருப்பிக் குடுத்துடாதீங்க."

மெல்லிசுக் குழாய் வேலை வந்தது. ஒரு குழாய்கூடக் குறையென்று திரும்பி வரவில்லை. டார்ச் அவள் கையிலேயே நின்றது. இப்போது டீ நேரத்தில் நடப்பது சாணைக்காரர். இரண்டு கிளாஸ் டீயும், சட்டைப் பையில் ஒரே ஒரு டங்ஸ்டன் குச்சியுமாக அவள் மேஜைக்கு வருவார்.

"முங்கிடுச்சா?" என்பாள்.

"இல்லை. கூராத்தான் இருக்கு."

"குடுங்க."

கூரான குச்சியைத் துளையில் விட்டு இன்னும் கொஞ்சம் சீவுவாள். டீ ஆறும்வரை பேசுவார்கள். பேசப் பேசக் குச்சி கட்டையாகிக்கொண்டே வந்தது.

"குச்சி விரல் நுனியில பிடிக்கிற அளவுக்கு வந்துடுச்சாமே," என்றாள் அக்கா ஒரு நாள், தங்கையை ஓரக்கண்ணால் பார்த்தபடி. "தீந்துபோனா அந்த மனுஷன் என்ன பண்ணுவாரு, பாவம்?"

"புதுக் குச்சி வேணும்னா நான்தான் கையெழுத்துப் போடணும். போட மாட்டேன்," என்றார் அத்தான், சோற்றைப் பிசைந்துகொண்டே. "அது தீர்றதுக்குள்ள ரெண்டு பேரும் ஒரு தேதியைச் சொல்லச் சொல்லு."

மறுநாள் ஊசி சீவுகிற சத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கேட்டதாகப் பக்கத்து மேஜைக்காரர் சொன்னார்.