அண்ணன் இளைத்துவிட்டானா?

மூன்றாவது முறையும் அதே வித்தியாசம்தான் வந்தது. தராசின் கண்ணாடிக் கூண்டுக்குள் அண்ணன் அசையாமல் நின்றிருந்தான். நாட்டிலுள்ள கிலோ எடைக்கற்களுக்கெல்லாம் மூலமான உலோக உருளையை எங்கள் ஆய்வகத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவனைச் சரிபார்க்க மட்டும் வெளியே எடுக்கும் இன்னொரு உருளை, தம்பி. போன முறை இருவரும் ஒரே எடை. இப்போது அண்ணன் ஒரு தூசியளவு குறைவு.

தூசிதான். ஆனால் அண்ணன் இளைத்தது உண்மையென்றால், அவனோடு ஒப்பிட்டு இந்த வருடம் நாங்கள் முத்திரையிட்டு அனுப்பிய கற்களையெல்லாம் மருந்துத் தொழிற்சாலைகளிலிருந்து திரும்ப வாங்க வேண்டும். உண்மையில்லையென்றால் கோளாறு என் கையில். என் தகுதிகாண் காலம் இந்த வாரத்தோடு முடிகிறது. கை சரியில்லாதவர்களை இங்கே வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

"கூண்டுகிட்ட ரொம்ப நேரம் நின்னியா? உடம்புச் சூடு பட்டாலே அது ஆட்டம் காட்டும்" என்றார் பக்கத்து அறை வெப்பமானிக்காரர்.

"இல்ல சார், தள்ளித்தான் உக்காந்திருந்தேன்."

"மூச்சு விட்டியா?"

"அதையும் விடக் கூடாதா?"

"வேலை நிரந்தரமானதும் விட்டுக்க."

சிரித்தேன். இடுக்கியை அழுத்திவிட்டேனா? தூரிகையால் துடைத்தது கூடிப்போனதா? ஒவ்வொன்றையும் மனதுக்குள் மறுபடி செய்து பார்த்தேன். செய்தது எது, செய்ததாக நினைப்பது எது என்றே பிரியவில்லை. அண்ணன் குறைந்தானா, தம்பி கூடினானா? இருவரை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் சொல்லவும் முடியாது. மாலை வகுப்பில் இதைப் படித்தபோது எவ்வளவு எளிதாக இருந்தது!

எங்கள் பிரிவுத் தலைவி மேடம் வந்தார். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவரே நிறுத்துப் பார்த்தார். கதவுக் கண்ணாடியில் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. வெகுநேரம் அது திரும்பவேயில்லை.

"உனக்கு வந்ததுதான் எனக்கும் வருது" என்றார் வெளியே வந்து.

நிம்மதியாக இருக்க வேண்டியது. இல்லை. "அப்ப யாரு மேடம் மாறினது?"

"கடைக்குட்டியக் கேட்டாத்தான் தெரியும்." பெட்டகத்துச் சாவியை நீட்டினார். அந்த மூன்றாவது உருளையை நான் பார்த்ததுகூட இல்லை.

"நானா மேடம்?"

"பின்ன யாரு? என் கையப் பாரு. இந்த வருஷம் அனுப்பின கல்லுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டது நாந்தானம்மா."

அவர் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

பெட்டகத்தைத் திறந்து, கண்ணாடி மூடியை எடுத்தேன். மென்தோல் சுற்றிய இடுக்கி கடைக்குட்டியின் இடுப்பைப் பற்றியது. அதன் பளபளப்பில் என் முகம் மெலிந்து நீண்டிருந்தது. மேடத்தின் முகம் எனக்குப் பின்னால், இன்னும் மெலிந்து. தூக்கினேன். உருளைக்கும் அது நின்றிருந்த தட்டுக்கும் நடுவே மயிரிழையாக ஒரு வெளிச்சம் திறந்தது.