மைனஸ் ஒன்று

போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து எல்லாரும் வெளியே வந்த பிறகு, பட்டாசுக் கம்பெனியின் வாசல் பலகையில் 'உள்ளே: -1' என்று சிவப்பாக எரிந்தது.

"ஏ தாயி, மைனஸ் ஒண்ணுன்னா என்ன? உள்ள பேய் கீய் இருக்கா?" என்றார் போர்மேன் ஒச்சப்பன்.

"உள்ள போகையில உங்கள ஆளா எண்ணலண்ணே. வெளிய வரையில போனாப் போகுதுன்னு எண்ணிருச்சு" என்றாள் பேச்சியம்மாள். பேக்கிங் ஷெட் பெண்கள் தூக்குவாளியும் கையுமாக நின்று சிரித்தார்கள்.

கற்பகவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. பலகைக்கு நிரல் எழுதியவள் அவள்தான். மல்லாங்கிணற்றுப் பெண், இருபத்திரண்டு வயது. பகலில் கம்பெனி ஆபீசில் டைப்பிங். சாயங்காலம் விருதுநகரில் கம்ப்யூட்டர் வகுப்பு. ஷெட்டுக்கு எதிரும் புதிருமாக இரண்டு கதவுகள். கதவுக்கு ஒரு சென்சார். ஆள் உள்ளே போனால் ஒன்று கூட்டும், வெளியே வந்தால் ஒன்று கழிக்கும். பலகை வந்த நாளிலிருந்து பெயர் கூப்பிடும் ரிஜிஸ்தர் பீரோவுக்குள் போய்விட்டது.

"அடுத்த வாரம் இன்ஸ்பெக்ஷன் இருக்கு. அந்த மைனஸ் யாரு கண்ணுலயும் படக் கூடாதும்மா" என்றார் முதலாளி மணிகண்டராஜ்.

வகுப்பில் விண்டோஸ் கம்ப்யூட்டரில் அதே நிரலைப் பத்தாயிரம் தடவை ஓட்டிப் பார்த்தாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. எதையும் மணி, நிமிஷம் குறித்து எழுதுவது அவள் வழக்கம். நோட்டில் எழுதினாள்: 'நிரல் சரி. சென்சாரில் தூசியோ? நான்தான் எதையோ விடுகிறேனோ?' அப்புறம் நிரலில் ஒரு வரி சேர்த்தாள். எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்றே காட்டு. பக்கத்தில் 'தற்காலிகம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள். மறுநாள் அதைக் கம்பெனியில் ஏற்றினாள்.

அதோடு விட மனசு ஒப்பவில்லை. கம்பெனியில் பலகையை இயக்கும் சின்னப் பெட்டியில் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்பது திங்கட்கிழமைதான் உறைத்தது. வகுப்பில் ஓரமாகக் கிடந்த ஒரு மெஷினில் லினக்ஸ் ஏற்றி, மறுபடி பத்தாயிரம் தடவை ஓட்டினாள். பதினேழு ஆள் குறைந்தது.

இரண்டு கதவுக்கும் இரண்டு வேலைகள், இரண்டு த்ரெட். எழுதும் சிலேட்டு மட்டும் ஒன்று. அதில் மூன்று என்று இருக்கிறது. ஒரே நொடியில் இந்தக் கதவில் ஒருத்தி, அந்தக் கதவில் ஒருத்தி நுழைகிறார்கள். இரண்டு வேலையும் மூன்றைப் படிக்கிறது, இரண்டும் நான்கு என்று எழுதுகிறது. ஐந்தாவது ஆள் கணக்கிலேயே இல்லை. பேச்சியம்மாள் கேலியாகச் சொன்னதுதான் நடந்திருக்கிறது. விண்டோஸில் வேலைகள் முறை மாறிய விதத்தில் ஒன்றோடொன்று மோதாமல் தப்பியிருக்கிறது, அவ்வளவுதான். பிழை அங்கேயும் இருந்தது. ஒன்று எழுதி முடிக்கும்வரை மற்றது காத்திருக்க ஒரு பூட்டு வேண்டும். மூன்றே வரி.

செவ்வாய்க் காலை பென் டிரைவோடு போனாள். முதலாளி லாரி பக்கத்தில் நின்றார்.

"அண்ணாச்சி, புரோகிராம்ல சின்னத் திருத்தம்."

"லோடு போகட்டும்மா. மத்தியானம் பாத்துக்கிடலாம்."

'சின்ன' என்று ஏன் சொன்னோம் என்று ஆபீஸ் படியேறும்போதே தோன்றியது. திரும்பிப் போகவில்லை.

பத்தே முக்காலுக்கு டீ முடிந்து மணி அடித்தது. ஒன்பது பெண்கள் இரண்டு கதவு வழியாகவும் பேச்சும் சிரிப்புமாக உள்ளே போனார்கள். பதினொரு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஷெட்டின் கிழக்கு மூலையில் ராக்கெட் பெட்டி தீப்பிடித்தது.

அவள் வாசலுக்கு ஓடி வந்தபோது பெண்கள் இருமிக்கொண்டு வேலியோரம் சிதறி நின்றார்கள். ஷெட்டுக்குள் சரம் சரமாக வெடித்தது. கறுப்புப் புகை.

'உள்ளே: 0.'

"ஜீரோ வந்துருச்சு! ஒருத்தரும் கிட்டப் போகாதீக! எரிஞ்சா எரியட்டும்!" என்று ஒச்சப்பன் கையை விரித்து மறித்தார்.

"எங்க மதினிய எங்க?" என்றாள் வேல்விழி. பேச்சியம்மாளின் நாத்தனார் அவள்.

"அங்கன கிணத்துப் பக்கம் ஓடியிருக்கும். போர்டுதான் சொல்லுதுல்ல" என்றார் ஒச்சப்பன்.

கற்பகவல்லி பலகையையே பார்த்தாள். ஒன்பது பேரை எட்டாக எண்ணியிருந்தால், எட்டுப் பேர் வெளியே வந்ததும் பூஜ்யம். ஒன்பது பேரும் வந்திருந்தால் மைனஸ் ஒன்று. அதையும் அவள் வரி பூஜ்யமாக்கிவிடும். எது என்று சொல்ல வழியில்லை. பத்தாயிரத்தில் பதினேழுதானே? இன்றைக்கே நடந்திருக்குமா? தப்பாகச் சொல்லி ஒருவரை நெருப்புக்குள் அனுப்பிவிட்டால்? வேலியோரம் இருந்தவர்களை எண்ணினாள். ஓடிக்கொண்டே இருந்தார்கள், ஏழு வந்தது, அப்புறம் எட்டு, மறுபடி ஏழு.

"அண்ணே, அது பொய்" என்றாள். குரல் எழும்பவில்லை. இரண்டாம் தடவை கத்தினாள். "போர்டு பொய் சொல்லுது! நான்தான் அப்படி எழுதி வச்சேன்! பேர் கூப்பிடுங்க!"

ஒச்சப்பன் அவளைப் பார்த்த பார்வையை அவள் மறக்கப் போவதில்லை. பீரோவைத் திறக்க நேரமில்லை. பெயர்களை மனப்பாடமாகவே கூவினார். எட்டுக் குரல் வந்தது. பேச்சியம்மாள் பெயருக்குக் குரல் இல்லை.

ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு அவரே மேற்குக் கதவு வழியாகப் போனார். தரையோடு இழுத்து வந்தார். தீ அவளைத் தொடவே இல்லை. புகைதான்.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் பேச்சியம்மாள் இறந்துபோனாள்.

"போலீஸ் கேப்பாக. போர்டு ஜீரோ காட்டுச்சுன்னு மட்டும் சொல்லு" என்றார் மணிகண்டராஜ் கற்பகவல்லியிடம், தாழ்ந்த குரலில். "அதுல பொய் ஒண்ணும் இல்லையேம்மா."

அவர் நகர்ந்ததும் வேல்விழி வந்து பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். முகத்தில் கரி அப்படியே இருந்தது.

"மதினி உள்ள இருக்கும்னு உனக்கு எப்பத் தெரியும்?"

கற்பகவல்லி மடியிலிருந்த நோட்டைத் திறந்தாள். ஆம்புலன்சுக்குப் பின்னால் ஆட்டோவில் வரும்போதே எழுதிவிட்டிருந்தாள். சும்மா இருக்கத் தெரியாத கை.

"பதினொண்ணு பதினாலுக்குச் சந்தேகம் வந்துச்சு. பதினெட்டுக்குத்தான் வாயத் திறந்தேன்."

வேல்விழி பதினாலுக்குப் பிறகு பதினெட்டு வரை விரல்விட்டு எண்ணினாள். நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினாள். பிறகு அந்த நான்கு விரலையும் கற்பகவல்லியின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.