எரிச்சல் நின்ற பிறகு

மேற்பார்வையாளர் காஸ்டிக் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சுடுநீர்த் தொட்டியின் படியில் கால் வைத்தபோது கண்ணாடிக்காரி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். விடுதிகளிலிருந்து திரும்பி வரும் அழுக்கு பாட்டில்களைக் கழுவி, மறுபடியும் குடிதண்ணீர் நிரப்பி அனுப்பும் ஆலை அது. பாட்டில் அழுக்கை அரித்தெடுக்கும் காரம்தான் காஸ்டிக் சோடா, அதைக் கலக்கும் ஆள் அன்று லீவு. பாட்டில் கழுவும் லைன் நின்றுபோயிருந்தது, லைன் நின்றால் மேற்பார்வையாளருக்கு மூச்சே நின்றமாதிரி. வாளியில் பச்சைத் தண்ணீர் பிடித்து, காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கி, அதற்கப்புறம்தான் தொட்டியில் ஊற்ற வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் அப்படியே கொட்டினால் பொங்கி முகத்தில் அடிக்கும். அவருக்குத் தெரியாததா? புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுக்கிறவரே அவர்தான். உபதேசம் ஊருக்குத்தானே. கண்ணுக்குக் கண்ணாடிகூடப் போடவில்லை. இவளோ சொந்தமாக வாங்கிய பாதுகாப்புக் கண்ணாடியைச் சாப்பிடும்போதுகூடக் கழற்றுவதில்லை. அதனால் வந்த பெயர்தான் கண்ணாடிக்காரி.

‘கொட்டாதீங்க சார்’ என்று சொல்ல வாய் திறந்தாள். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அப்படியே விழுங்கிவிட்டாள்.

இதே தொட்டியில்தான் அவள் புருஷனின் கண்கள் போயின. தொட்டியில் படியும் உப்பைச் சுரண்ட ஆசிட்டும் இங்கே உண்டு, ஆனால் ஆசிட் நேரடியாகச் சண்டைக்கு வருகிற ஆள். பட்டதும் சுரீரென்று கடிக்கும், துள்ளிக் குதித்துக் குழாயடிக்கு ஓடிவிடலாம். காஸ்டிக் அப்படியில்லை. சோப்புபோல வழுவழுவென்றிருக்கும், கொஞ்சம் எரிந்துவிட்டு அடங்கிவிடும், அடங்கிய பிறகுதான் உள்ளே போய் வேலையைத் தொடங்கும். கூடவே இருந்து குழி பறிக்கிற சாதி. அன்றைக்குக் காஸ்டிக் தெறித்துக் குழாயடியில் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்த புருஷனிடம் மேற்பார்வையாளர் வந்து, “எரிச்சல் போயிடுச்சுல்ல? போதும் வாய்யா, லைன் நிக்குது” என்று சொல்லித் தன் கையாலேயே குழாயை மூடினார். சாயங்காலம் ஆஸ்பத்திரியில், இன்னும் கொஞ்ச நேரம் விடாமல் கழுவியிருந்தால் தப்பித்திருக்கும் என்றார் டாக்டர். விசாரணையில் மேற்பார்வையாளர், “அவனேதான் சரியாயிடுச்சுன்னு சொன்னான்” என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். புருஷனின் வேலையை இவளுக்குக் கொடுத்து வாயை அடைத்தார்கள். வாய்தான் அடைபட்டது. வயிறு அன்றிலிருந்து எரிந்துகொண்டே இருக்கிறது. எப்போதாவது புருஷனைக் கைபிடித்து ஆலை வாசலுக்குக் கூட்டிவந்தால், மேற்பார்வையாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு வழியாகப் போய்விடுவார். அதை மட்டும் அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

மூட்டை கவிழ்ந்தது. தொட்டி உறுமிக்கொண்டு பொங்கியது. “ஐயோ, கண்ணு! கண்ணு!” என்று இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அவர் படியிலிருந்து சரிந்தார். கண்ணாடிக்காரி ஓடவில்லை. நடந்துதான் போனாள். பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது, அவசரம் என்ன? நனைந்த அவர் சட்டையைக் கிழித்து எறிந்துவிட்டு, அவரைக் குழாயடிக்கு இழுத்துப்போய், கையுறையைக் கழற்றிக் கையைக் கழுவிக்கொண்டு, தலையைப் பிடித்துத் தண்ணீருக்குக் கீழே சாய்த்தாள். முதலில் அலறினார். பிறகு முனகினார். பிறகு முனகலும் நின்றது.

“எரிச்சல் போயிடுச்சும்மா. போதும், விடு.”

அவள் கை குழாயின் மேல் போய் நின்றது. எத்தனை ராத்திரி என்னென்னவோ கற்பனை செய்திருப்பாள்! இவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கவே இல்லை. ‘சரி சார்’ என்றால் போதும். நாளைக்கு யாராவது கேட்டால், அவரேதான் சரியாகிவிட்டது என்றார் என்று சொல்லலாம். அதில் பொய்கூட இருக்காது. கண் போன பிறகு அவர் வீட்டுக்கு ஊரே வரும், உச்சுக்கொட்டும். புருஷனுக்குக் கண் போனபோது தன் வீட்டுப்பக்கம் ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை. அந்த மனிதர் நல்லவராகிவிடுவார், பாவமாகிவிடுவார். அதற்கப்புறம் வாசலில் யார் வந்து நின்றாலும் முகத்தைத் திருப்ப வேண்டிய அவசியமே அவருக்கு இருக்காது.

குழாயை முழுசாகத் திறந்தாள். முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரல்களால் இமைகளைப் பிளந்தாள். அவர் காலை உதறினார், அவள் கையைக் கிள்ளினார்.

“விடுடி! விடச் சொல்றேன்ல!”

“கத்துங்க சார். நல்லாக் கத்துங்க. உங்க கண்ணு எனக்கு வேணும். அது எங்கயும் போகக் கூடாது. எங்க வீட்டுக்கு வந்து எம் புருஷன் எதுத்தாப்புல உக்காந்து பாக்கணும் நீங்க. மொகத்தத் திருப்பாம பாக்கணும்.”

பாட்டிலுக்கு மூடி போடுகிற பெண் ஓடி வந்து பதறினாள். “அக்கா, மனுசன் செத்துருவாருக்கா, விடுங்க!”

“கண்ணுல தண்ணி ஊத்தி யாரும் செத்ததில்ல. நீ போய் வண்டியக் கொண்டுவரச் சொல்லு. அப்படியே ரெண்டு பெட்டி தண்ணி பாட்டில் எடுத்து வண்டியில வை.”

அவள் பிடியில் இரக்கம் இருந்ததா என்றால், இல்லை. இருந்ததெல்லாம் வெறிதான். அவர் துடிக்கத் துடிக்க அவளுக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்தது. ஆனால் விரல்கள் ஒரு கணமும் இமையை விட்டு நழுவவில்லை.

வண்டியிலும் அவள் விடவில்லை. டிரைவர், “ஆஸ்பத்திரி பக்கத்துலதானேம்மா, கொஞ்சம் பொறுக்கக் கூடாதா, வண்டியெல்லாம் ஈரம்” என்றான். “நீ ரோட்டப் பாத்து ஓட்டு” என்றாள். மேற்பார்வையாளரின் தலை அவள் மடியில் கிடந்தது. புடவை தொப்பலாக நனைந்திருந்தது. மூடி போடுகிற பெண் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து கொடுக்க, இவள் ஊற்றிக்கொண்டே வந்தாள்.

“என்ன தெரியுது சார்?”

“வெளிச்சமா இருக்கு.” அவர் குரல் உடைந்திருந்தது. “நீ… கலங்கலாத் தெரியுற.”

“பத்தாது” என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டிலுக்குக் கை நீட்டினாள். காலி பாட்டில்கள் ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் தரையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உருண்டுகொண்டிருந்தன.