போக மூன்று, வர எட்டு

விமானம் இரண்டு மணிக்கு இறங்கும் என்று டிக்கட்டில் அச்சடித்திருந்ததை ஆதம்பாவா ஒன்பது என்று தானே திருத்திக்கொண்டார். அதனால் ஓட்டமாவடியிலிருந்து இரவோடிரவாக வேனில் ஏற்றி வந்த குடும்பம் முழுவதும் கட்டுநாயக்க விமான நிலைய வாசலில் ஐந்து மணித்தியாலம் வெயில் காய்ந்தது. சட்டியில் இருந்த புரியாணி அதற்குள் புளித்துப் போனது.

கணக்கு அவருக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. மனைவி றம்லா குவைத்துக்கு வேலைக்குப் போன அன்று ஒன்பது மணிக்குப் பறந்து பன்னிரண்டுக்கு இறங்கினாள். போக மூன்று மணித்தியாலம். அப்படியென்றால் ஆறுக்குப் புறப்படுகிறவள் ஒன்பதுக்கு வந்துவிட வேண்டும்தானே? வர எட்டு என்று போட்டவன் தூக்கத்தில் போட்டிருப்பான்.

குவைத்தில் நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால் என்று வாசலில் நின்ற காவலாளிதான் விளக்கினார். ஆதம்பாவா மசியவில்லை. அந்த நாட்டு மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பியது நானா என்று கேட்டார்.

றம்லாவின் மூத்த அண்ணன் றவூப் காக்கா சிரிக்கவில்லை. மீன் விற்கும் மச்சானிடம் வாங்கிய மீனைவிடக் கேட்ட பகிடிதான் அதிகம் என்று ஊரில் சொல்லித் திரிகிறவர் அவர். மகள் இர்ஷானாவின் கல்யாணத்துக்குள் வீட்டின் மேல்மாடி எழும்ப வேண்டும், தங்கச்சி இன்னும் இரண்டு வருசம் போய்வரட்டும் என்பது அவருடைய தீர்ப்பு. போகிறாயா என்று ஆதம்பாவா தொலைபேசியில் கேட்ட போதெல்லாம், வந்து கதைப்பம் என்பதோடு றம்லா நிறுத்திக்கொண்டாள்.

இரண்டரைக்கு அவள் வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள். பெட்டியை வேனில் ஏற்றி முடிவதற்குள் றவூப் புது விசாவைப் பற்றித் தொடங்கினார்.

"காக்கா, மேல்மாடி இல்லாட்டி மாப்பிள வேணாமெண்டா, அவன் வேற ஊட்டப் பாக்கட்டும்," என்றார் ஆதம்பாவா. பெண் கேட்டு வந்த நாள் முதல் மச்சானை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத வாய் அது. வேன் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"டிக்கட்டே வாசிக்கத் தெரியாதவரு கதைக்காரு."

"தெரியாதுதான். ஆனா போக மூண்டு, வர எட்டு. இதுல எனக்குப் பிழையில்ல காக்கா. போறது லேசி. திரும்பி வாறதுதான் முடியுதில்ல." மனைவியின் பக்கம் திரும்பினார். "சொல்லு புள்ள. திரும்பப் போறியா?"

றம்லா புரியாணிச் சட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். மூடினாள். காக்காவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு புருசனின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"போறதும் அஞ்சர, வாறதும் அஞ்சர. நான் இனிப் போகமாட்டன்."